எட்டாவது வலை

சென்ற ஆண்டு, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மாதம். மலேசியாவில் பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பறவை ஆராய்ச்சிக்கு உதவியாளராக இருந்தேன். அரசாங்க மானியத்தில் நடந்த ஆராய்ச்சி அது. தோட்டத்தில் முக்கால்வாசி எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, ஒரு பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. நடுவில் மிஞ்சிய பால்மரக் காட்டில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன, அவை செம்பனைப் புழுக்களைத் தின்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை.

விடிந்ததும் தலைமுடி போல மெல்லிய எட்டு வலைகளை விரிப்போம். சிக்கும் பறவையை எடை பார்த்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுவோம். பதினொரு மணிக்கு வலைகளைச் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் பறவை செத்துவிடும். ஒவ்வொரு வலையையும் சுருட்டிய கையோடு நேரத்தை எழுதி, தாளில் சரி போட வேண்டும். நான் அப்படிச் செய்வதில்லை. காரில் வந்து ஏர்கோனைப் போட்டுக்கொண்டு எட்டுக்கும் சேர்த்து மடமடவென்று நிரப்பிவிடுவேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் தனியாக இருந்தேன். பாதி வேலையில் எங்கள் ஆராய்ச்சித் தலைவர் போனில் கூப்பிட்டு, மானியத்தை நீட்டிப்பதற்கான அறிக்கை எங்கே என்றார். பேசிக்கொண்டே சுருட்டினேன், பேசிக்கொண்டே காருக்கும் வந்துவிட்டேன்.

ஈப்போவில் ஒரு கடையில் பாலில்லாத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், சொல்லிவிட்டு உட்கார்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. சுருட்டியது ஏழா, எட்டா? தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டும் சரி என்று என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் ஓடைப் பக்கத்து வலையைத் தொட்ட ஞாபகமே வரவில்லை. தே வருவதற்குள் எழுந்துவிட்டேன். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. முன்னால் போன லாரிக்காரரை, அவர் ஒரு பாவமும் அறியாதவர், வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

காரை நிறுத்திவிட்டு ஓடையை நோக்கி ஓடினேன். அங்கே என் வயதுள்ள ஒரு பெண் குடையோடு நின்றிருந்தார். தோட்டத்தில் உரம் போடுபவர்; உர மூட்டை காலடியில் கிடந்தது, இடுப்பில் கத்தி செருகியிருந்தது. குடை அவர் தலைக்கு மேல் இல்லை, வலைக்கு மேல் இருந்தது. அதன் நிழலில் ஒரு மீன்கொத்தி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு தையல்சிட்டு செத்துத் தொங்கியது.

நூலில் சிக்கியிருந்த மீன்கொத்தியின் காலை விடுவிக்கவே நேரமானது. அந்தப் பெண் குடையை அசைக்காமல் பிடித்திருந்தார். நிழலில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்தேன். வெகு நேரம் கழித்து அது பறந்தது. இடுப்பில் கத்தி இருக்கிறதே, வலையை அறுத்துவிட்டிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன்.

"அறுக்கத்தான் பாத்தேன் மா. கவர்மெண்டு ஆராய்ச்சி வலைன்னு எங்கள வேலை வாங்குற மண்டோர் சொல்லியிருக்காரு. நான் கை வச்சா, நீங்க எழுதி வச்சதெல்லாம் தப்பாப் போயிடும்லா. அதான் யாராச்சும் வருவாங்கன்னு நின்னுட்டேன்."

எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுருட்டாத வலைக்குச் சரி போட்ட தாள் என் பையில் இருந்தது. வெட்கத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஒரு தையல்சிட்டைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? திரும்பும் வழியில் மூன்று இடத்தில் காரை நிறுத்தி யோசித்துவிட்டுத்தான் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. இதற்கு முன் எத்தனை தாள்களை இப்படி நிரப்பினாய் என்று மட்டும் கேட்டார். கணக்கு வைத்திருக்கவில்லை என்றேன். வலை எவ்வளவு நேரம் விரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் பறவைகளின் எண்ணிக்கையையே கணிக்கிறோம். என் தாள்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். மானியம் நீடிக்குமா என்பதும் இழுபறியில் கிடந்தது. பல வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் மானியம் கிடைத்தது, வேலையும் தப்பியது. ஆனாலும் நான் எழுதியது உண்மை என்று நம்பி, தன் தலையை வெயிலுக்குக் கொடுத்து ஒருவர் நின்றாரே என்ற நினைப்பு இன்றும் தாளில் பேனா வைக்கும்போதெல்லாம் என்னைப் பதற வைக்கிறது, அந்தப் பதற்றம் என்னைவிட்டுப் போகாமலே இருக்கட்டும்.