ஒரு வருஷ ஜட்ஜ்

ஜட்ஜ் ஸ்வாமிநாதனைப் பற்றிப் பாளையங்கோட்டை வக்கீல்களிடையே இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நேர்மையான மனிதர், அநியாயமாகப் பேர் கெட்டது என்பது ஒன்று. கிழவருக்கு நாற்காலி ஆசை விடவில்லை என்பது மற்றொன்று. நான் இரண்டிலும் சேரவில்லை. பேட்டையில் அவருக்கு எதிர்வீட்டுக்காரன் நான். தொழிலும் வக்கீல் தொழில்தான். வாய் கிழியப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அன்று கோர்ட்டில் இல்லை. நான் இருந்தேன்.

முன்சீபாகவும் சப்-ஜட்ஜாகவும் காலமெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். சொந்த ஜில்லாவில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஜட்ஜுகளை அப்படிப் போடமாட்டார்கள். போன ஊரிலும் யாரோடும் ஒட்டக் கூடாது. கல்யாண வீட்டில் கை நனைக்கக் கூடாது, கடைக்காரர் நீட்டுகிற காலண்டரைக்கூட வாங்கக் கூடாது. அவர் மனைவி கோமு மாமி ஒரு தடவை என் மனைவியிடம் சொன்னாள்: "தருமபுரியில மூணு வருஷம் இருந்தோம். பக்கத்தாத்துக்காரி பேர் என்னன்னு தெரியாமலே கிளம்பி வந்தேன்." மகள் பார்கவியின் கல்யாணத்துக்கு, அப்போது வேலை பார்த்த ஊரில் பத்திரிகை வைக்க ஓர் ஆள் இல்லையாம்.

தொண்ணூற்று மூன்றில் ஓய்வு பெற்றுப் பேட்டைக்கு வந்தவர், பட்டினி கிடந்தவர் பந்திக்கு வந்த மாதிரி மனிதர்களிடம் வந்து விழுந்தார். பக்கத்து மனையில் நூகுவின் லேத் பட்டறை. காலையில் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்தால் வெயில் ஏறித்தான் எழுந்திருப்பார். இரும்புச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி, கத்திச் சிரித்து, நூகு வரவழைக்கும் டீயைக் குடிப்பார். அவருடைய சொந்தக்காரர்கள் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "நான் சாப்பிடாத டீயெல்லாம் பாக்கி இருக்கு ஓய்" என்று அவர்களை அனுப்பிவிட்டார். பட்டறைக்குப் பின்னால்தான் நூகுவின் குடித்தனம்; அவர் மனைவி சித்தி ஜனாபாவும் கோமு மாமியும் சுவரைத் தாண்டி முருங்கைக்காயும் கதையும் கைமாற்றிக்கொண்டார்கள். அந்த நாலு வருஷம் அவர் சந்தோஷமாக இருந்தார், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வினை அங்கேதான் முளைத்தது. பட்டறையின் அடிமனை தாணுமாலையன் என்பவருக்குச் சொந்தம். மேலே நிற்கிற கட்டடம் நூகு தன் கைக்காசு போட்டுக் கட்டியது. தாணுமாலையனுக்கு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டும் ஆசை வந்தது. காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். கூடவே, ஊருக்கு வெளியே மாற்று இடம் தருவதாகவும் ஆள் விட்டார். நூகு ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். அன்று ஸ்டூலில் இருந்த ஸ்வாமிநாதன் விடவில்லை.

"எதுக்குப் போறீர் பாய்? கட்டடம் உம்மது. அந்த மண்ணை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கோன்னு கோர்ட்டுல கேக்க உமக்குச் சட்டத்துல இடம் இருக்கு. தைரியமா மனு போடும்."

நூகு மாற்று இடம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார். ஒரு வக்கீலைப் பிடித்து மனுவும் போட்டார். மற்ற வழக்குகளைப் போல அதுவும் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக உருண்டுகொண்டிருந்தது.

தொண்ணூற்றேழில் பழைய வழக்குகளைத் தீர்க்க ஒரு தற்காலிகக் கோர்ட் திறந்தார்கள். ஆள் பற்றாக்குறை, ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து, தேங்கியதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வேலையில் இருப்பவருக்குக் கிடைக்காத சொந்த ஊர், திரும்ப வருகிறவருக்குக் கிடைத்தது. இந்த ஊரில் அவர் எத்தனை பேரோடு டீ குடித்திருக்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய ரிக்கார்டு ரூம் ஒன்றை ஒழித்து, ஓய்வு பெற்ற ஜட்ஜை ஓய்வு பெற்ற மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

கறுப்புக் கோட்டு ஏறியதும் மனிதர் பழைய ஆளாகிவிட்டார். பட்டறைப் பக்கம் போவதில்லை. நூகு வணக்கம் சொன்னால் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொள்வார். கோமு மாமியையும் சுவர்ப் பக்கம் போகக் கூடாதென்று தடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நூகுவுக்கு வரவில்லை. "ஜட்ஜுன்னா அப்பிடித்தான இருக்கணும்? நம்ம அய்யால்லா" என்று என்னிடம் பெருமையடித்தார்.

மற்றக் கோர்ட்டுகளிலிருந்து மாற்றி வந்த வழக்குக் கட்டுகளில் நூகுவுடையதும் இருந்தது. அன்று வீட்டில் நடந்ததைக் கோமு மாமி பிறகு என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னாள். "இது ஒண்ணை மட்டும் திருப்பி அனுப்பிடுங்கோன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன்." அவர் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினால் வரிசையின் கடைசியில் போய் விழும், இன்னும் எத்தனை வருஷமோ என்றார். சட்டம் தெளிவாக இருக்கிறது, யார் உட்கார்ந்தாலும் இதே தீர்ப்புத்தான் என்றார். "நான்தான் அவரோட பேச்சையே விட்டாச்சே" என்றாராம். பேச்சை நிறுத்திவிட்டால், பேசியதும் இல்லையென்று ஆகிவிடும் என நினைத்திருக்கிறார். ஜட்ஜாக மட்டுமே வாழ்ந்தவருக்குத்தான் அப்படி நினைக்க முடியும்.

விசாரணை நாளில் எனக்கு அங்கே வேலை இல்லை. மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தது, உட்கார்ந்திருந்தேன். நூகு வெள்ளைச் சட்டை போட்டு, சத்தியம் செய்து, கூண்டில் ஏறினார். தாணுமாலையனின் வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மாற்று இடம் தர்றோம்னு சொன்னப்ப முதல்ல ஒத்துக்கிட்டீர்தானே?"

"ஆமா."

"பெறகு ஏன் மாட்டேன்னீர்? இடத்தைப் பறிக்கணும்னு யார் உமக்குச் சொல்லிக் கொடுத்தது?"

எல்லா வக்கீலும் கேட்கிற கேள்விதான். எல்லாச் சாட்சியும் "யாரும் சொல்லவில்லை" என்பான், அதோடு முடியும். நூகுவின் வக்கீலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்ல நூகுவுக்கு வாய் வரவில்லை. மேஜையைப் பார்த்து, மரியாதையாகத் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இந்தா இருக்காவள்லா, அய்யாதான் சொன்னாவ. எடம் ஒமக்குத்தான் பாய், தைரியமா மனு போடும்னாவ."

ஸ்வாமிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுத்திருக்கலாம், சாட்சிக்குப் புத்தி சரியில்லை என்று தாண்டிப் போன ஜட்ஜுகளை எனக்குத் தெரியும். அவர், "சாட்சி சொல்றது உண்மை. இதை நான் கையில் எடுத்திருக்கவே கூடாது. தப்பு என்னுடையது" என்றார். வழக்கை வேறு கோர்ட்டுக்கு அனுப்ப உத்தரவு சொல்லிவிட்டு எழுந்தார். அந்த வாரமே ராஜினாமாக் கடிதமும் போயிற்று. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை கதை போனது. அவர் தீர்த்து வைத்த மற்ற வழக்குகளில் தோற்றவர்கள் எல்லாருக்கும் திடீரென்று சந்தேகம் வந்தது. ஸ்வாமிநாதன் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். நூகு இரண்டு தடவை வாசலில் வந்து நின்றார்; மாமி கதவைப் பாதி திறந்து, அவர் படுத்திருக்கிறார் என்று அனுப்பிவிட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், இரண்டு பேர் மேலும் இரக்கம்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் பட்டறை வாசலில் லாரி நின்றது. லேத் மெஷினைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நானும் வெளியே வந்தேன். ஸ்வாமிநாதன் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தார்.

"என்ன பாய் இது?"

"மனுவ வாபஸ் வாங்கிட்டேன்யா. வள்ளியூர்ல மச்சினன் கடைக்குப் பொறத்தால கொஞ்சம் எடம் இருக்கு. பைய அங்கன போயிரலாம்னுட்டு."

"புத்தி கெட்டுப் போச்சா ஓய்? சட்டம் உம்ம பக்கம் இருக்கு! எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் உமக்குத்தான் கிடைக்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா கேசு இருக்கதுவரைக்கும் வாய்தாவுக்கு வாய்தா ஒங்க பேரல்லா இழுக்குதானுவ. போன தடவ அந்த வக்கீலு, ஜட்ஜுக்கு என்ன குடுத்தேன்னு கேட்டாம்யா, அத்தன பேரு முன்னால. எனக்குக் கேட்டுட்டு நிக்க முடியல."

ஸ்வாமிநாதன் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் கிட்டத்தில் போனேன்.

"எனக்காக உம்ம பிழைப்பை விடுறீரா?" என்றார்.

நூகு கயிற்றை இறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தார். குத்தலாக இல்லை, நன்றியோடுதான் கேட்டார்.

"நீங்க எனக்காகத்தானய்யா அன்னைக்கு அந்த நாற்காலில உக்காந்திய?"

இல்லை, சட்டத்துக்காக என்று சொல்ல ஸ்வாமிநாதன் வாயெடுத்தார். லாரி கிளம்பிப் போகிற வரைக்கும் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.