தேங்காய் மூட்டையை ஏற்றிப் பார்க்காத கார்

கார் வாங்கப் போனபோது, மைலேஜ் தரும் சின்ன பெட்ரோல் என்ஜினே போதும் என்று முடிவு செய்தோம். நானும் கணவரும் மட்டும் ஏறி, எங்கள் ஊரான பெருமாட்டியின் சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி போனது.

மூணாறில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஐந்து பேராக, டிக்கி நிறையத் தேங்காய் மூட்டைகளோடு கிளம்பினோம். செங்குத்தான வளைவில் நிறுத்தி எடுத்தபோது, திணறிய என்ஜின் அணைந்து வண்டி பின்னால் உருண்டது.

“ஏனுங்க, பள்ளமுங்க!” என்று அலறினேன்.

“பிரேக்கைப் புடிச்சுட்டேன். எல்லாரும் எறங்கிக் கல்லு வெய்யுங்க!” என்றார் கணவர்.

இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு சாண்தான்.

சமீபத்தில் தங்கை கார் பார்க்கப் போனாள். குடும்பத்தோடு தேங்காய் மூட்டைகளையும் ஏற்றி, மலைச்சாலையில் ஓட்டிப் பார்க்க வைத்தேன். ஷோரூம்காரர் முறைத்தார். முறைக்கட்டும்!