மாமாவுக்குப் படைத்த கப்பல் கத்தரிக்காய்

பத்து வயதில் நான் ஒரு சமையல் குறிப்புச் சொன்னேன். ஐம்பது தாண்டிய இன்றுவரை நான் சொன்ன ஒரே சமையல் குறிப்பும் அதுதான். வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதை நம்பி ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டுச் சமைத்தார்கள். சாப்பிட வேண்டிய ஆள் மட்டும் ஒரு கிழமைக்கு முன்னரே செத்துப்போயிருந்தார்.

செத்தவர் என் மாமா, அப்பாவின் அக்காவைக் கட்டியவர். பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே மூன்று கட்டை தூரம் போனால், வாய்க்கால் கரையோடு எங்கள் வளவும் அவர்கள் வளவும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் வேலி இருந்தது. வேலியில் நாய் போகிற அளவுக்கு ஒரு பொட்டும், நான் போகிற அளவுக்கு இன்னொரு பொட்டும் இருந்தன. மாமா கலியாணத்துக்கு முன் பத்து வருடம் கிரேக்கக் கப்பலொன்றில் வேலை செய்தவர். வன்னிக்கு வந்து நெல் விதைக்கத் தொடங்கிய பிறகும் அவர் அந்தக் கப்பலை விட்டு இறங்கவில்லை. வரம்பில் நின்று கண்ணுக்கு மேலே கையை வைத்து வயலைப் பார்ப்பார்; கரை தெரிகிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும். எங்களுக்குத் தெரிந்த கடல் ஆனையிறவில் பஸ் யன்னலால் தெரிகிற உப்புத் தண்ணீர்தான். ஆகவே மாமா சொன்னதெல்லாம் உண்மை.

அவருடைய கதைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு திரும்பத் திரும்ப வரும். கீழே கத்தரிக்காய், நடுவில் கொத்திய இறைச்சி, மேலே வெள்ளையாக என்னவோ ஒன்று. அந்த வெள்ளையின் முகம் மட்டும் பொன்னிறமாகச் சிவந்திருக்கும். "அதைப்போல ஒண்டு இந்த உலகத்திலை இல்லை" என்று கண்ணை மூடுவார். எப்படிச் செய்வது என்று மாமி கேட்டால் மூடிய கண்ணைத் திறக்கமாட்டார். அதற்கு முசாக்கா என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அதன் பெயர் கப்பல் கத்தரிக்காய்.

கடைசி நாட்களில் மாமா கஞ்சியைத் தள்ளிவிட்டு அதைத்தான் கேட்டார். மாமி கத்தரிக்காய்ப் பாற்கறி வைத்துக் கொடுத்தார். மாமா ஒரு வாய் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு கிழமையாகக் கண் மூடாமல் பார்த்த மாமிக்கு அன்றைக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "அப்ப கப்பலைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். விடிந்தபோது மாமா இல்லை.

அதன் பிறகு மாமி அழவில்லை. சாப்பிடவும் இல்லை. வெறும் தேத்தண்ணீர்தான். யார் வந்து கட்டிப்பிடித்தாலும் ஒரே வசனம்: "மனுசனைப் பசியோடை அனுப்பிப்போட்டன்."

எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவர் படுத்திருந்த அறையில் படைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். இதை யாரும் என்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏழாம் நாள் குசினிக்குள் எல்லோரும் கூடியிருந்தபோது மாமி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "கப்பல் கத்தரிக்காய் இல்லையெண்டால் ஒண்டும் படைக்க வேண்டாம்."

"ஆருக்கு மச்சாள் அதைச் செய்யத் தெரியும்? கிரேக்கத்துக்குத் தந்தி அடிக்கிறதோ?" என்றார் பெரியம்மா. அம்மாவின் அக்கா அவர். துக்க வீட்டிலும் நாக்கைக் கழற்றி வைக்கத் தெரியாதவர்.

இந்த இடத்தில் என் மனநிலையைச் சொல்லவேண்டும். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அண்ணாதான் கொள்ளி வைத்தவன். அதனால் பன்னிரண்டு வயதிலேயே வேட்டியோடு திரிந்தான். வருகிறவர்கள் எல்லோரும் அவன் தலையைத் தடவினார்கள். அவனுக்குத்தான் முதலில் சாப்பாடு. எனக்குக் கிடைத்த பதவி, பந்தலுக்குள் வரும் நாயைத் துரத்துவது. ஏழு நாள் நாய் துரத்தியவன் என்ன செய்வான்?

"எனக்குத் தெரியும். மாமா சொல்லித் தந்தவர்" என்றேன்.

"உனக்கோ? உனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமோடா?" என்றார் பெரியம்மா.

"ரகசியம் எண்டு சொன்னவர்."

மாமி தலையை நிமிர்த்தினார். ஏழு நாளில் முதல் தரம். அந்தப் பார்வைக்கு முன்னால் 'பகிடிக்குச் சொன்னனான்' என்று பின்வாங்குவதற்கு நான் நல்ல பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

"சொல்லு அப்பன்" என்றார்.

சொன்னேன். எனக்கு எதெது பிடிக்குமோ அதையெல்லாம் சொன்னேன். எருமைப்பால். மாஜரீன். கோதுமை மா. ஆறு முட்டை. இறைச்சிக்குள் கொஞ்சம் சீனி. அம்மா என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வேறை?" என்றார் மாமி.

"சாதிக்காய்" என்றது என் வாய்.

சாதிக்காய் எனக்குப் பிடிக்காது. வயிற்றுக்கோளாறு வந்தால் அம்மா கல்லில் உரைத்து நாக்கில் தடவுகிற கசப்பு அது. அதை நான் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"சாதிக்காயோ? இதென்ன படையலோ, வயித்துக் குத்து மருந்தோ?" என்றார் பெரியம்மா.

"அவன் சொல்லுறபடி செய்யுங்கோ" என்றார் மாமி.

அடுத்த நாள் காலையிலிருந்து நான் குசினிக்குள் பலகைக்கட்டையில் அமர்ந்து மேற்பார்வை செய்தேன். அம்மா கத்தரிக்காயை வட்டம் வட்டமாக அரிந்து பொரித்தார். பெரியம்மா ஆட்டிறைச்சியைக் கத்தியால் கொத்திய கொத்தில் எனக்கான கோபமும் இருந்தது. பாலும் மாவும் மாஜரீனும் அடுப்பில் ஏறியதும் கட்டி தட்டத் தொடங்கியது. அம்மா துழாவுவதை நிறுத்தினார்.

"கட்டி இருக்கோணுமோ, இருக்கக்கூடாதோ?"

"கொஞ்சம் இருக்கலாம்" என்றேன். பத்து வருடம் கப்பலில் சமைத்தவன் மாதிரி.

கேக் சுடுகிற போறணை எங்களிடம் இல்லை. பெரிய தாச்சிக்குள் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் எனாமல் தட்டத்தை வைத்தார்கள். தட்டத்துக்குள் கத்தரிக்காய், இறைச்சி, மறுபடி கத்தரிக்காய், கடைசியாக முட்டை அடித்துச் சேர்த்த வெள்ளைக் கூழ். அதன்மேல் சாதிக்காயைச் சுரண்டித் தூவி, தகரத்தால் மூடி, தகரத்தின்மேல் சிரட்டைத் தணலைக் கொட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அம்மா குறட்டால் தகரத்தைத் தூக்கினார்.

வெள்ளையின் முகம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன அதே நிறம்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. பொய் பொய்யாக இருக்கும்வரை நான் தைரியசாலி. அது உண்மையாக மாறத் தொடங்கியதும் பலகைக்கட்டையோடு கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

பின்னேரம் நாலு மணிபோல அறையின் யன்னல்களைச் சாத்தினார்கள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே குத்துவிளக்கு மட்டும். வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, வடை, ஒரு பெட்டி சிகரெட். நடுவில் ஆவி பறக்கும் அந்தத் தட்டம். மாமி அதன் முன்னால் முழங்காலில் நின்று, உயிரோடிருக்கிறவரிடம் கதைப்பதுபோலவே கதைத்தார்.

"வந்து சாப்பிட்டுப் பாருங்கோ. பிழையெண்டால் சொல்லுங்கோ."

சொல்லுவார்! அவர் பேசாமல் போகிற ஆளில்லை. சோற்றில் ஒரு உப்புக்கல் கூடினால் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர். 'ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது?' என்று கேட்கப்போகிறார். எல்லா விரலும் என்னை நோக்கி நீளப்போகிறது.

கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் முற்றத்தில் போய் நின்றார்கள். நான் மெல்ல நழுவி வீட்டுக்குப் பின்னால் போனேன். யன்னலடியில் நின்று தனிப்பட்ட முறையில் மன்னிப்புக் கேட்டு விடயத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

"மாமா" என்றேன் மெல்ல. "கட்டி அம்மா விட்டது. சீனி நான் சொன்னனான். ஆனால் சாதிக்காய் நானில்லை."

உள்ளே 'டங்' என்றது.

காதை யன்னல் பலகையோடு ஒட்டினேன். பிறகு மறுபடி 'டங்'. எனாமலில் கரண்டி படுகிற சத்தம். அதற்குப் பின்னால் நீளமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்'. சூடான ஒரு வாய்ச் சாப்பாட்டை உள்ளே இழுக்கிறபோது மாமா போடுகிற சத்தம் அது.

சூட்டுத் தட்டம் ஆறும்போது சத்தம் போடும் என்று இன்றைக்கு என் மனைவி எனக்கு விளங்கப்படுத்துகிறாள். அன்றைக்கு யன்னலடியில் அவள் இருக்கவில்லை. நான் ஓடினேன். எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதற்குள் வாய்க்காலுக்குள் இருந்தேன். காற்சட்டை அதற்கு முன்னரே நனைந்திருந்ததா என்று கேட்காதீர்கள்; வாய்க்கால் என்று சொல்லி நாற்பது வருடமாகச் சமாளித்து வருகிறேன்.

எழும்பி வாசல் படலைப் பக்கம் ஓடினால், அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் கரியரில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர். மாமாவோடு அதே கப்பலில் வேலை செய்தவர். செய்தி பிந்திக் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தவரை அப்பா சந்தியில் போய் ஏற்றி வந்திருக்கிறார். வந்தவர் இறங்கிப் படலைக்குள் ஒரு கால் வைத்தார். மற்றக் கால் வரவில்லை. அப்படியே நின்று மூக்கை உயர்த்தினார். முகம் வெளிறிப்போயிற்று.

"தம்பி, ஆர் இங்கை சமைச்சது?"

"ஏன் அண்ணை?" என்றார் அப்பா.

"சாதிக்காய் மணக்குது. அந்தக் கிரேக்கன்ரை குசினி இப்பிடித்தான் மணக்கும்."

மத்தியான வெயில் காய்ச்சிய மண்ணில் நின்றும் எனக்குப் பல்லுக் கிட்டியது. அப்பாவுக்கு அப்போதுதான் நான் கண்ணில் பட்டேன். "டேய், இதென்ன கோலம்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் கதைப்பார் என்று எனக்கு நிச்சயமில்லை.

அப்பா போய் அறைக் கதவை மூன்று முறை தட்டித் திறந்தார். எல்லாம் வைத்தபடியே இருந்தது. தட்டத்தின் நடுவில் மட்டும், அந்தப் பொன்னிற முகத்தில், ஒரு பள்ளம். பெரிய கரண்டி ஒன்றால் அமுக்கியதுபோல.

"சாப்பிட்டிட்டார்" என்றார் பெரியம்மா. அந்தக் கிழமையில் அவர் பகிடி கலக்காமல் சொன்ன ஒரே சொல்.

மாமி வாழையிலைத் துண்டு ஒன்றில் முதல் பங்கை வெட்டி வைத்து, வந்தவரிடம் நீட்டினார். "அண்ணை, நீங்களும் அந்தக் கப்பலிலை இருந்தனீங்கள்தானே. மறைக்காமல் சொல்லுங்கோ. இதுதானோ?"

வீடே அவருடைய வாயைப் பார்த்தது. அவர் மென்றார். ஆறுதலாக மென்றார். மாமியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"இதேதான் தங்கச்சி. அச்சொட்டாய் இதேதான்."

மாமி அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். எட்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு துண்டு தாங்கோ" என்றார். அம்மா இலையில் வைக்க வைக்கச் சாப்பிட்டார்.

எல்லோருக்கும் ஆறுதல். எனக்கு மட்டும் உயிர் போயிற்று. நான் அடித்துவிட்ட பொய் அச்சொட்டாகச் சரியென்றால், அதைச் சொன்னது நானில்லை. மாமா எனக்குள்தான் இருக்கிறார். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தேன். மாமாவுக்குச் சிகரெட் குடிக்க ஆசை வந்தால் என் நிலைமை என்ன என்றுகூட யோசித்தேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திருநீறு பூசினார்.

"அம்மா, அது நான் சொல்லேல்லை."

"எது?"

"சாதிக்காய்."

"மிச்சமெல்லாம் நீ சொன்னதெண்டு எனக்குத் தெரியும். பேசாமல் இரு" என்றார் அம்மா.

வந்தவர் கடைசி பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். எனக்கு அவரைப் பிடித்து உண்மையைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. பின்னாலேயே போய்ப் படலைத் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கேட்பதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

"அண்ணை, உண்மையாய் அதே ருசிதானோ? எங்களுக்கு இனிச்சுக்கொண்டு கிடந்தது."

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ருசி எனக்கெங்கை தெரியும் தம்பி? நாங்கள் ரெண்டு பேரும் கீழே எஞ்சினுக்கு எண்ணெய் விடுற ஆக்கள். அது மேலே கப்டன்மாற்றை சாப்பாடு. எங்களுக்குச் சோறும் பருப்பும். ஞாயிற்றுக்கிழமையிலை தட்டத்தைத் தூக்கிக்கொண்டு எங்கடை கதவடியாலைதான் போவாங்கள். இவன் வேலையை விட்டிட்டு வந்து நிண்டு பாப்பான். மணம் போய் முடியுமட்டும் நிப்பான்."

"அப்ப அத்தான் ஒருநாளும் சாப்பிடேல்லையோ?"

"பத்து வருசத்திலை ஒரு வாய் இல்லை. ஆனால் மணம் அதேதான் தம்பி. அதிலை நான் பொய் சொல்லேல்லை."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு நெல்மூட்டை இறங்கியது. மாமாவுக்கே அதன் ருசி தெரியாது! இந்த உலகத்திலும் சரி, அவர் போன உலகத்திலும் சரி, என் குறிப்பைப் பிழையென்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. நான் தப்பிவிட்டேன். துள்ளிக்கொண்டு குசினிக்கு ஓடி, பயத்தில் அதுவரை தொடாத கத்தரிக்காயில் ஒரு பெரிய துண்டு கேட்டேன். மாமி தன் கையாலேயே வெட்டித் தந்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

அப்பா இன்னும் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், சைக்கிளின் ஹான்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். வந்தவர் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கொப்பர் இன்னும் அங்கை நிக்கிறார்?" என்று மாமி என் பின்னாலிருந்து கேட்டார்.

"சங்கிலி கழண்டு போச்சு மாமி" என்றேன்.

அந்த இரண்டு நாளிலும் மாமியிடம் நான் சொன்ன ஒரேயொரு உண்மை அதுதான் என்று நம்பிக்கொண்டு அடுத்த வாயை வைத்தேன்.