அந்த லொறியில் போன பதினொரு பேர்

பிரேமலதா பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. கங்காணியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திருவிழாவுக்குப் போனவள்தான். ஆனால் இந்தப் பொய்க்கு மட்டும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள்.

மகள் லோஜினி கெம்பஸில் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம். நிவித்திகலவுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பெண் பிள்ளை. ஸ்ட்ரைக் என்று வீட்டுக்கு வந்தவள், நாலாம் நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து மாதம். கூடப் படித்த கிருஷ்ணராஜிடம் சொன்ன அன்றே அவள் நம்பரை பிளொக் பண்ணிவிட்டானாம். அவனுக்கென்ன, வயிறா பெருக்கப் போகிறது? நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பான்.

பிரேமலதா அடிக்கவில்லை. அடிக்கவும் தெம்பில்லை. "படிப்ப மட்டும் விட்டுடாத" என்றாள். இத்தனை வருஷம் கூடை சுமந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

வழியும் அவளே கண்டுபிடித்தாள். பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிவிடுவது. வயது நாற்பத்து மூன்றுதான். புருஷன் சின்னத்தம்பி கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒருமுறை வந்து போகிறவர். யட்டியாந்தோட்டையில் தங்கை வீட்டில் மகளுக்குப் பிரசவம் பார்த்து, தான் பிள்ளையோடு திரும்பிவிடலாம். லோஜினி விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே கெம்பஸில் படிக்கிறார்கள்; அவர்கள் காதுக்கு மட்டும் எட்டக் கூடாது.

ஒன்றே ஒன்று இடித்தது. லோஜினிக்கு ஒரு வயதிருக்கும்போது, பிரேமலதாவையும் சேர்த்துத் தோட்டத்து லொறியில் பதினொரு பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இருக்கிற பிள்ளை போதும் என்று கருத்தடை ஆபரேஷன். கைநாட்டு வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பதினொரு பேரில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் தோட்டத்தை விட்டுப் போனார்கள். இவளைத் தவிர மிச்சமிருந்தது பக்கத்து லயத்து வரிசை வீட்டு இராஜம்தான். அவள் மறந்திருப்பாள் என்று பிரேமலதா நினைத்தாள். எப்படித்தான் நினைத்தாளோ! வயிற்றைக் கிழித்த நாளை எவள் மறப்பாள்? இவளே மறக்கவில்லையே.

அன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை முடிந்ததும், தனக்கு அஞ்சு மாசம் என்று மெல்லச் சொன்னாள். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சின்னத்தம்பி அண்ணன் சும்மா வந்து போகிறதில்லை போல என்று ஒருத்தி கேலி செய்தாள். பிரேமலதாவும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பொய் பலித்துவிட்டது என்றே நினைத்தாள்.

இராஜம் மட்டும் சிரிக்கவில்லை. "அது எப்படி லதா? நாம ரெண்டு பேரும் ஒரே லொறியிலதானே போனோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருந்தோம்."

கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. திகைப்பில் வாய் முந்திவிட்டது. கேட்ட மறுகணமே இராஜத்தின் முகம் செத்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அப்படியென்றால் யாருக்கு ஐந்து மாதம்? ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பிரேமலதாவின் லயத்துப் பக்கம் திரும்பியது. ஸ்ட்ரைக் முடிந்து பத்து நாளாகியும் லோஜினி கெம்பஸுக்குத் திரும்பவில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

அதுவரை லோஜினியை யாரும் சந்தேகப்படவில்லை. பெற்றவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சந்தியில் நிறுத்திவிட்டாள்.

வீட்டில் லோஜினி பாயில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருந்தாள்.

"நம்பிட்டாங்களாம்மா?"

பிரேமலதா கதவைச் சாத்திவிட்டுச் சேலையை இடுப்புக்குக் கீழே இறக்கினாள். அடிவயிற்றில் விரல் நீளத் தழும்பு. மகளுக்கு அதைக் காட்டியதே இல்லை.

"உன்னோட நிறுத்திட்டாங்கடி. இப்ப இந்த ஊருக்கே தெரிஞ்சிருச்சு. நான்தான் மறந்த மாதிரி இருந்தேன்."

லோஜினி அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தை மூடி, அலுமாரிக்கு மேலே, பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.