தனம் எழுதிய தொள்ளாயிரத்து நாற்பது

சென்ற வியாழக்கிழமை காலை காட்டூரிலிருந்து தனலட்சுமியின் மகன் போன் செய்தான். "அம்மா விடியக்காலைல போயிட்டாங்க பெரியம்மா. முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு" என்றான். கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். அதன்பிறகு அதைக் குடிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் எங்களோடு பி.யு.சி. படித்த உங்களுக்கெல்லாம் அவள் தனம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே பெரிய விஷயம். அவள் வீட்டில் அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. இயற்பியலில் முதல் வகுப்பு வந்தால் பி.எஸ்ஸி.; வராவிட்டால் ஆவணியில் தாய்மாமனோடு கல்யாணம். மாமன் நல்லவர்தான். ஆனால் அவளுக்குப் படிப்புதான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படிக்கலாமென்று காட்டூருக்குப் போனேன். ஊஞ்சல் கொக்கியில் நூலைக் கட்டி, அதில் பித்தளைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து வந்த அவள் அப்பா, "ஊஞ்சலைக் கழட்டிட்டுப் பூட்டை ஆட்டுது பாரும்மா. இதுக்கு ஒரு காலேஜ் வேற" என்றார். சொல்லிவிட்டு, பூட்டில் இடிக்காமல் ஒதுங்கிக் குனிந்து போனார்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம், சென்டிமீட்டர் கணக்கில், தொள்ளாயிரத்து எண்பது வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகையால் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற நேரங்களைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பிவிடுவார்கள். மேல்வகுப்பு அக்காக்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. தனம் மட்டும் அதைத் தொடமாட்டாள். "வந்ததை எழுதணும்டி. வரவேண்டியதை எழுதறதுக்கு ஊசல் எதுக்கு?" என்பாள். மதிப்பெண் குறைந்தபோதும் இதையேதான் சொன்னாள். எனக்குக் கோபமாக வரும்.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஊசலே வாய்த்தது. பக்கத்து மேசையில் நான் லென்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப அவளுக்குத் தொள்ளாயிரத்து நாற்பதுதான் வந்தது. நூலை மறுபடி அளந்தாள். முடிச்சை அவிழ்த்துக் கட்டினாள். மாறவில்லை. "எண்பதுன்னு போட்டுடுடி. ஆவணியை நினைச்சுப் பாரு" என்று கிசுகிசுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நாற்பது என்றே எழுதி, லேப் கடிகாரம் வேகமாக ஓடி விடையைக் குறைக்கிறதோ என்று சந்தேகப்படுவதாகக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்த வரியைப் படித்தார். தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி லேப் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். வேகமாகத்தான் ஓடியது. பிறகு, காலையில் அதே கடிகாரத்தை வைத்துச் செய்தவர்களின் தாள்களை எடுத்துப் புரட்டினார். எல்லாவற்றிலும் தொள்ளாயிரத்து எண்பது.

"இவங்களுக்கெல்லாம் எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

தனம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்கு வந்தது இதுதான் சார்" என்றாள்.

முதல் வகுப்பு கிடைத்தது. ஆவணியில் மாமனுக்கு வேறு இடத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. பி.எஸ்ஸி. மாணவி தனம் பந்தியில் பாயசம் பரிமாறினாள்.

போன மாதம் அவளை மருத்துவமனையில் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்க, நான் முந்திக்கொண்டு, "இன்னைக்குப் பரவாயில்லைங்க" என்றேன். தனம் கண்ணைத் திறந்தாள். "இல்லைங்க டாக்டர். நேத்தைவிட மோசம். அப்படியே எழுதிக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான். இதை எழுத உட்கார்ந்தபோது, நிறைவாக வாழ்ந்து அமைதியாகப் போனாள் என்று எழுதத்தான் கை போனது. எழுதி, அடித்துவிட்டேன். அவள் வலியோடு போனாள். எனக்கு மனம் ஆறவில்லை. எனக்கு வந்தது இதுதான், தனம்.