எங்களுக்கு முன்னே பறந்த கடிதம்

கல்யாணக் கடிதம் என்றால் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவ வேண்டும். அப்பா எழுதும் கடிதங்களிலோ அந்த மஞ்சளோடு, அவர் வேலை பார்த்த ரப்பர் புகைக்கூடத்தின் வாசமும் சேர்ந்து மணக்கும். மலாயாவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்த முப்பதுகளில், அப்படி மணந்த ஒரு கடிதம் ஆகாயத்தில் போனது. அதனால் பவுனு அக்காவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மாப்பிள்ளை, நாகப்பட்டினத்துப் பக்கம் இருந்த அத்தை மகன்; கல்யாணமும் அங்கேதான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அக்கா அவரைப் பார்த்ததே இல்லை. கல்யாணப் புடவை இருந்த ‘ட்ரங்குப் பெட்டி’யின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, “ஆளைப் பாத்துப் புடிச்சாத்தான் சாவி. இல்லாட்டி அதே கப்பல்ல திரும்பிடுவேன்” என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வாரத்தில் புறப்படும் கப்பலில் திடீரென்று இடம் கிடைத்தது. கடல் தபாலில் எழுதினால் கடிதமும் நாங்களும் ஒரே கப்பலில்தான் போய் இறங்குவோம் என்று, அப்பா ஜாசின் தபால் ஆபீசுக்குப் போய், சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் பறக்கும் ‘ஆகாயக் கப்பல்’ தபாலில் அதைச் சேர்த்தார். இரண்டு நாள் பறப்பு, அப்புறம் ரயில். ஐந்தாம் நாள் அத்தை வீட்டில் இருக்குமாம். “நம்ம மஞ்சக் கடுதாசி மேகத்துக்கு மேல போவுதுலா!” என்று அவர் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நடுக்கடலில்தான் தலையில் அடித்துக்கொண்டார். கடிதம் போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு, அந்த நாளில் உட்கார்ந்து எழுதுவதுபோல் எழுதுவதே தோட்டத்து வழக்கம். கை பழகிய பழக்கத்தில், கடல் தபால் கணக்கிலேயே, “இக்கடிதம் கிடைக்கும்போது எங்கள் கப்பல் கரையை நெருங்கியிருக்கும், உடனே துறைமுகத்துக்கு வரவும்” என்று எழுதியிருந்தார். ஆனால் அது கிடைத்த நாளில் நாங்கள் கப்பலே ஏறியிருக்கவில்லை!

“மாப்பிள்ளை வீட்டார் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க” என்று அம்மா அழுதாள். “போனாப் போகட்டும்” என்ற அக்கா, கரை தெரிந்த அன்று மூன்று முறை தலையை அவிழ்த்துப் பின்னினாள்.

கப்பலிலிருந்து கரைக்குப் படகில் போனோம். மணலில், தலையில் துண்டோடு வெயிலில் கருத்துப்போன ஒருவர் நின்றார். “அவரு பத்து நாளா இங்கதாங்க கெடக்காரு. கப்பல் முழுகிப்போச்சுன்னு ஊரே சொல்லியும் கெளம்பலீங்க” என்றான் படகுக்காரன்.

அவர்தான் மாப்பிள்ளை. வெட்கிப்போய் நின்ற அப்பாவிடம், “கடுதாசி முந்திக்கிச்சு மாமா, அவ்வளவுதானே” என்று சிரித்தார்.

அக்கா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அம்மா கையில் வைத்தாள்.

கல்யாணம் முடிந்து அத்தானும் எங்களோடு மலாயாவுக்கே வந்துவிட்டார். இன்று அத்தானும் இல்லை, நாகப்பட்டினத்துக் கப்பலும் இல்லை, மஞ்சள் தடவிய கடிதத்தையும் யாரும் எழுதுவதில்லை. போன வாரம் அக்காவின் கடைசி மகன் பெண் பார்க்கக் கிளம்பினான். சுபாங்கில் பிளேன் ஏறினால் மீனம்பாக்கம் ஆயிரத்து அறுநூறு மைல். “நாலு மணி நேரந்தாம்மா, ஒன்னும் இல்ல லா” என்றான்.

“நல்லதுதான்” என்றாள் அக்கா. “ஆனா பிளேன் லேட்டாச்சுன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு மட்டும் வந்து சொல்லு.”