கயிற்றை இழுத்தால் நிற்கும்

என் வீட்டுக்காரர் மதலைமுத்துவுக்குக் கோபமே வராது, தங்கமான மனுஷன் என்று மர்பி டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இருபத்து நான்கு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறவள் நான். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதுவும் ‘ம்’. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டால் அதற்கும் ஒரு ‘ம்’. அவருடைய பேச்சையும் சேர்த்து நானே பேச வேண்டியிருந்ததால்தான் எனக்கு வாயாடி அல்போன்சா என்று பெயர் வந்தது.

குதிரையிடம் மட்டும் பேசுவார். காதோரமாகக் குனிந்து என்னவோ சொல்வார், அதுவும் தலையை ஆட்டும். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினாலு வயதில் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். அன்றைக்கும் இன்றைக்கும் ஐம்பது கிலோவைத் தாண்டாத உடம்பு. விடியற்காலையில் குதிரைகளை ஓடவிட்டுப் பழக்குவது அவர் வேலை. மத்தியானம் அதே குதிரை மேல் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு பந்தயத்துக்குப் போவது வேறொருவர். இருபத்திரண்டு வருஷத்தில் இவர் ஒரு பந்தயம்கூட ஓட்டியதில்லை. ஒருநாள் காலைப் பயிற்சியில் அவருடைய கூட்டாளி ஜாய்சன் குதிரையிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. மறுநாளே இவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். விழுந்தது அவன், நீ ஏன்யா வேலையை விட்டே என்று ஒரு வருஷம் கேட்டிருப்பேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம்தான் ஹெசரகட்டா பக்கம் சுனில் என்பவனுடைய குதிரைப் பண்ணையில் வேலை கிடைத்தது. சனி ஞாயிறானால் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். குதிரையை டி.வி.யில் மட்டும் பார்த்தவர்களும் வருவார்கள், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் வருவார்கள். எல்லாரையும் வரிசையாக ஏற்றி, தைலமரத் தோப்பு வழியாகப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவருவது இவர் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் அங்கேயே சேர்ந்தேன். வருகிறவர்கள் பெயரை எழுதி, ஹெல்மெட் மாட்டி, வார் இறுக்கி, ஏறுவதற்கு முன்னால் பாடம் சொல்லிக்கொடுப்பேன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், மூன்றிலும் ஒரே பாடம்தான். குதிகாலால் தட்டினால் நடக்கும், கயிற்றை இழுத்தால் நிற்கும், பயமாயிருந்தால் இழுங்கள், அவ்வளவுதான்.

ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். சொன்னவள் மட்டும் செல்லி என்ற கிழட்டுக் குதிரை மேல் ஏறிப் பண்ணை முற்றத்தை நான்கு சுற்று வந்ததோடு சரி. ஊருக்குத்தானே உபதேசம்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுனிலுக்கு ஒரு யோசனை வந்தது. யார் வேண்டுமானாலும் குதிரை ஏறலாம் என்று காட்டுவதற்கு ஒரு வீடியோ வேண்டுமாம். ஐம்பது வயசு அல்போன்சா அக்காவே போகிறார், நீங்கள் பயப்படலாமா என்று போடப்போகிறானாம். எனக்கு நாற்பத்தாறு. இருந்தாலும் ஆசை யாரை விட்டது, சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் செல்லி கிடைக்கவில்லை. லீனா என்று மல்லேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், குதிரையைப் பார்த்ததுமே நடுங்கியதால் செல்லியை அவருக்குக் கொடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். மிச்சம் இருந்தது பாதுஷா. பந்தயத்தில் ஓடி முடிந்து, பண்ணைக்கு வந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. அதன் மேல் இவரைத் தவிர யாரும் ஏறியதில்லை. நான் அதைக் கேட்டதும், “அது வேணாம். ரேஸ் குதிரை” என்றார்.

அவர் கணக்குக்கு அது பெரிய பிரசங்கம். நான் கேட்டிருக்க வேண்டும். சுற்றி நாலு பேர் நிற்கும்போது வேண்டாம் என்றால் எனக்கு எங்கிருந்துதான் வருமோ தெரியாது, “ஆறு வருஷமா எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறது யாரு? நானா, நீங்களா?” என்று கேட்டுவிட்டேன். வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், சுனிலைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். என்னை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச அவருக்கு இன்றுவரை வராது. குனிந்து என் கால் வைக்கும் வளையத்தைச் சரிபண்ணினார். தன் குதிரை ஜூலிக்கு நேர் பின்னால் வரச் சொன்னார். மற்றவர்களிடம், யாரும் முந்தக் கூடாது, பின்னாலிருந்து யாரும் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்றார். வழக்கமாக ஒரு தடவை சொல்வதை அன்றைக்கு இரண்டு தடவை சொன்னார்.

தோப்பைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. செல்லி மேல் உட்கார்ந்தால் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. எனக்குக் கீழே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு காத்திருக்கிறது என்று தெரிந்தது. காதுகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன. முன்னால் அவருடைய முதுகு. பாதி வழியில் மூன்று தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

புல்வெளி வந்ததும் எங்களுக்குப் பின்னால் வந்த முகேஷ் என்ற ஆளுக்குக் கை அரித்தது. அனுபவம் உண்டு என்று காலையில் பெருமையாகச் சொன்னவர். என்ன அனுபவம் என்று அப்போதே கேட்டிருந்தால், ஊட்டியில் ஏரிக்கரையில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நடக்க, இவர் மூன்று தடவை மேலே உட்கார்ந்து போனது தெரிந்திருக்கும். கேட்காமல் எழுதிக்கொண்டதும் நான்தான். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை முன்பக்கத்திலிருந்து படமெடுக்கலாம் என்று குதிரையைத் தட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டதும் பாதுஷாவின் காதுகள் படிந்தன. அடுத்த நொடி ஜூலியைத் தாண்டி நான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன்.

இழுத்தேன். என் உயிரைக் கொண்டு இழுத்தேன். அது இன்னும் வேகமாக ஓடியது. இன்னும் இழுத்தேன், அது கழுத்தை நீட்டி, கயிற்றின் மேலேயே சாய்ந்துகொண்டு, இன்னும் வேகமாக ஓடியது. இழுத்தால் நிற்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய் எனக்குள்ளேயே இழு இழு என்று கத்திக்கொண்டிருந்தது. எதிரே புல்வெளி முடிகிற இடத்தில் தார் ரோடு. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் வேலி கிடையாது, பள்ளமும் கிடையாது. நேராகப் போய் ரோட்டில்தான் ஏற வேண்டும்.

அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

“அல்போன்சா! கயித்த வுட்டுடு! பிடரியப் புடிச்சுக்க!”

ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். காப்பாற்ற வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் பார்த்தேன். வரவில்லை. ஜூலியைத் திருப்பிவிட்டார். மற்ற எல்லாக் குதிரைகளையும் கையைக் காட்டித் திருப்பவைத்து, வந்த வழியே தோப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஓடக்கூட இல்லை, நடக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதுகுதான்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை மாதா மன்னிக்க வேண்டும். பாவி, படுபாவி, என்னைச் சாவடிச்சுட்டு எங்கய்யா போறே, உன் வம்சம் விளங்குமா என்று அந்தப் புல்வெளி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். செத்துப்போன மாமியாரைக்கூட விட்டுவைக்கவில்லை. கத்திக்கொண்டே இழுத்தேன். லாரிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினான். நம்பர் பிளேட் படிக்கிற தூரம் வந்துவிட்டது. கையில் பலம் போய்க்கொண்டிருந்தது.

எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. இந்த மனுஷன் இருபத்து நான்கு வருஷத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்தியதே இல்லை. இன்றைக்குக் கத்தினார். கத்தினார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும்.

வாயை மூடினேன். கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பற்றினேன். நான் அதுவரை செய்ததிலேயே பயங்கரமான காரியம் அதுதான்.

சாய்வதற்குக் கயிறு இல்லாமல் போனதும் பாதுஷாவின் கழுத்து தளர்ந்தது. நாலு கால் பாய்ச்சல் குலுங்கும் ஓட்டமாக மாறியது. அதில்தான் விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன், பல் எல்லாம் ஆடியது. ஒரு காது பின்னால் திரும்பியது. பின்னால் யாரும் இல்லை, துரத்துகிற சத்தம் எதுவும் இல்லை. ரோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது நடைக்கு வந்து, நின்றது. லாரி போன காற்று முகத்தில் அடித்தது. பாதுஷா தலையைத் தூக்கிக் கனைத்தது. எங்கேயோ தூரத்திலிருந்து ஜூலி பதில் கொடுத்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாகத் திரும்பிக் கூட்டத்தைத் தேடி நடக்க ஆரம்பித்தது.

தோப்பு ஓரத்தில் அவர் இறங்கி நின்றுகொண்டிருந்தார். பாதுஷாவின் வாயோரம் கடிவாளத்தைப் பிடித்தார். அதன் காதில்தான் முதலில் என்னவோ சொன்னார், என்னிடம் இல்லை. நான் வழுக்கி இறங்கினேன். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

முகேஷ்தான் ஆரம்பித்தார். பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். போனில் எல்லாம் இருக்கிறதாம். ஜீப்பில் ஓடிவந்த சுனிலிடம் அதைக் காட்டினார். லீனா டீச்சர்கூட என் வீட்டுக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுனில், என்ன மதலை இது என்று கேட்டான். அவர் ‘ம்’ என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். “ஏன்யா வரல? ஏன் வரல நீ?” என்று கேட்டேன்.

அவர் பாதுஷாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார். “பின்னாடி இன்னொரு குதிரை வந்தா ரேஸுன்னு நெனைச்சுக்கும். கயித்த இழுத்தா இன்னும் ஓடுன்னு அர்த்தம். சாஞ்சுக்கினு ஓடும். அப்படித்தான் பழக்குவோம். நானே எத்தினி குதிரைய அப்படிப் பழக்கிக்கிறேன்.” கடிவாளத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். “ஜாய்சன் குதிரை பிச்சுக்கினு போனப்ப நான் பின்னாடியே தொரத்திக்கினு போனேன். புடிச்சுடலாம்னு. நான் கிட்ட போகப் போக அது இன்னும் ஓடுச்சு.”

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். முகேஷ் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யெலஹங்கா போனது, ஹெப்பாள் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் தலையைத் திருப்பாமலே பேசினார்.

“நான் திரும்பிப் பாத்தா ஜூலியும் திரும்பும். அதான் பாக்கல. ஒன் சத்தத்தைத்தான் கேட்டுக்கினே போனேன். நீ திட்டிக்கினு இருந்தே. சரி, மேலதான் இருக்கா, வுழலன்னு தெரிஞ்சுது.”

பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை காத்திருந்தார்.

“திடீர்னு நிறுத்திட்டே பாரு. அப்பவும் நான் திரும்பல அல்போன்சா. அப்படியே நடந்துக்கினு இருந்தேன்.”

என் கையின் கீழே அவர் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

“எதுனா திட்டு” என்றார்.

எனக்கு வரவில்லை. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன, நாங்களும் நகர்ந்தோம். ஜெயமஹால் தாண்டும்வரை தேடிப்பார்த்தேன். அல்சூர் ஏரி வந்தபோதுதான் கண்ணில் பட்டது, அவர் ஹெல்மெட்டின் வார் மாட்டாமல் காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

“யோவ், ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வாரு மாட்டி வுடறேன், நீ மட்டும் தொங்க வுட்டுக்கினு வண்டி ஓட்டறியே, அறிவுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன்.

‘ம்’ என்றார்.